பிரேவ் அண்ட் த போல்ட் 2007: ஜார்ஜ் பெரெஸ் போனப்புறம் தொடர்ந்து படிக்கலாமா?

கோட்டுப்பிரியன்

எல்லாருக்கும் வணக்கம். டிசி காமிக்ஸ் கம்பெனி 2007-ல திரும்ப ஆரம்பிச்ச 'த பிரேவ் அண்ட் த போல்ட்' சீரிஸோட முதல் ஆறு இஷ்யூ, அதாவது 'லார்ட்ஸ் ஆஃப் லக்' கதையை இப்பதான் முடிச்சேன். மார்க் வெய்ட் எழுத்து, ஜார்ஜ் பெரெஸ் படம். எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்சிருச்சு, அதனாலதான் இந்தக் கேள்வி.

முதல் இஷ்யூல பேட்மேனும் கிரீன் லான்டர்னும் சேர்றாங்க, ஒரே ஆளோட பிணம் வேற வேற இடத்துல கிடைக்குது, அங்கேர்ந்து கதை லாஸ் வேகாஸுக்குப் போகுது, அப்புறம் வென்ச்சுரான்னு ஒரு சூதாட்ட கிரகம், அப்புறம் 31-ம் நூற்றாண்டு லீஜியன்னு ஒரு ஹீரோ கூட்டம். ஒவ்வொரு இஷ்யூலயும் ஜோடி மாறுது ஆனா கதை மட்டும் விடாம ஓடிக்கிட்டே இருக்கு. பேட்மேனுக்கும் ப்ளூ பீட்டிலுக்கும் (அந்தச் சின்னப் பையன் ஹைமே) நடுவுல வர்ற பேச்செல்லாம் அவ்ளோ நல்லா இருந்துச்சு. சூப்பர்கேர்ள் லோபோவைக் கூட்டிட்டு வழி தேடிப் போற நாலாவது இஷ்யூ மாதிரி ஒரு ஜோடியை நான் யோசிச்சே பார்த்திருக்க மாட்டேன். ரெண்டாவது இஷ்யூல சூப்பர்கேர்ள் கிரீன் லான்டர்ன் ஹால் ஜோர்டன்கிட்ட வழியறதும், இவளுக்கு 17 வயசுதான்னு ஹால் மனசுக்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிக்கிறதும் மட்டும் எனக்குப் பிடிக்கல, அது இல்லாமலே கதை நடந்திருக்கும்.

பத்தாவது இஷ்யூவோட பெரெஸ் போயிடறார்னு பார்த்தேன். மொத்தம் 35 இஷ்யூ. அவர் போனப்புறம் மிச்சத்தைப் படிக்கறது வொர்த்தா? முக்கியமா 33-வது இஷ்யூ பத்தி எங்க பார்த்தாலும் சண்டையா இருக்கு, அது ஏன்? அதைப் பத்தி மட்டும் ஸ்பாய்லர் சொன்னாலும் பரவால்ல.

இரவுவாசகன்

ப்ரோ முதல்ல 7-லேர்ந்து 12 வரைக்கும் கண்ணை மூடிட்டுப் படிங்க, நடுவுல நிறுத்தாதீங்க. 'புக் ஆஃப் டெஸ்டினி'ன்னு தனி கலெக்ஷனா வந்ததால இது வேற கதைன்னு தோணும், ஆனா முதல் ஆறோட நேரடித் தொடர்ச்சிதான் இது. சேலஞ்சர்ஸ் ஆஃப் தி அன்னோன் ஞாபகம் இருக்கா? சாவுலேர்ந்து தப்பிச்சு கடன் வாங்கின ஆயுசுல வாழறவங்க, அதனால விதியோட புத்தகத்துல அவங்க பேரே கிடையாது, அதனாலதான் அந்தப் புத்தகம் அவங்க கையில இருக்கறதே பொருத்தம். வெய்ட் இந்த ஒரு ஐடியாவை வச்சு அடுத்த ஆறு இஷ்யூவையும் கட்டியிருக்கார். அவங்க புத்தகத்தைப் புரட்டப் புரட்ட நமக்கு ஒவ்வொரு ஜோடியா கதை வருது, எல்லாத்துக்கும் பின்னாடி மெஜிஸ்டஸ்னு ஒரு ரசவாதி நிக்கிறான்.

ஏழுல வொண்டர் வுமனும் பவர் கேர்ளும், எட்டுல ஃப்ளாஷ் வாலி வெஸ்ட் தன் பிள்ளைங்களோட டூம் பேட்ரோல்கிட்ட போறான். அந்த எட்டாவது இஷ்யூவுக்காகவே வாங்கலாம். வாலி பிள்ளைங்களைப் பெத்த அப்பன், எதிர்ல உடம்பே தனக்கு அந்நியமாப் போன ஆளுங்க கூட்டம். அந்த வீட்டுக்குள்ள அவன் நுழையும்போது அவனுக்கு எவ்ளோ சங்கடமா இருக்குன்னு பெரெஸ் முகத்துலயே காட்டிருவார். பெரெஸ்னாலே எல்லாரும் கூட்டம் கூட்டமா ஹீரோக்களை வரையறதைத்தான் சொல்லுவாங்க, க்ரைஸிஸ், ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்னு. ஆனா எனக்கு அவர் ரெண்டு பேரை மட்டும் ஒரு அறையில நிக்க வச்சு வரையறதுதான் பிடிக்கும், யாரு எந்தப் பக்கம் சாஞ்சு நிக்கிறாங்க, யாரு கையைக் கட்டியிருக்காங்கன்னு பார்த்தாலே யாரு யாரை நம்பலன்னு தெரியும். 2022-ல அவர் இறந்தப்ப நான் திரும்ப எடுத்தது டீன் டைட்டன்ஸ் இல்ல, இந்தப் பத்து இஷ்யூதான்.

11-லேர்ந்து ஜெர்ரி ஆர்ட்வே. ஆள் குறைஞ்சவர் கிடையாது. சூப்பர்மேனும் அல்ட்ராமேனும் சேர்ற கதை, நல்லவனும் அவனோட கெட்ட நகலும், அதுக்கு ஆர்ட்வேயோட கனமான அந்த சூப்பர்மேன் சரியா உட்காருது. 16 வரைக்கும் வெய்ட்தான் எழுத்து. 13-லேர்ந்து பெரும்பாலும் தனித்தனிக் கதை, லேசா இருக்கும், ஒரு ராத்திரியில முடிச்சிடலாம்.

பழைய அட்டைப்படம்

நான் கொஞ்சம் பின்னாடி போய்ச் சொல்றேன், ஏன்னா 2007 சீரிஸைப் பாராட்டறவங்க பாதிப் பேர் அது எதோட வாரிசுன்னு பார்க்காமலே பாராட்டறாங்க.

ஒரிஜினல் 'பிரேவ் அண்ட் த போல்ட்' 1955-ல ஆரம்பிச்சப்ப அதுல சூப்பர் ஹீரோவே இல்ல, வைக்கிங் பிரின்ஸ், சைலன்ட் நைட், கோல்டன் கிளாடியேட்டர், எல்லாம் வாள் சண்டைக் கதை. அப்புறம் புதுசா எதையாவது போட்டு ஓடுதான்னு பார்க்கற இடமா ஆச்சு. ஜஸ்டிஸ் லீக் முதல்ல வந்தது இதோட 28-வது இஷ்யூலதான், 1960. 50-வது இஷ்யூலதான் ரெண்டு ஹீரோ சேர்ற வழக்கம் வந்துச்சு, கிரீன் ஆரோவும் மார்ஷியன் மேன்ஹன்டரும். 54-ல ராபின், கிட் ஃப்ளாஷ், அக்வாலாட் மூணு பேரும் சேர்ந்தாங்க, டீன் டைட்டன்ஸ் முளைச்சது அங்கதான். 74-லேர்ந்து பேட்மேன் நிரந்தரம், 1983-ல 200-வது இஷ்யூவோட நிக்கற வரைக்கும் பேட்மேனும் இன்னொருத்தரும்தான்.

அந்தக் காலத்துல பாதிக்கு மேல எழுதினது பாப் ஹேனி, வரைஞ்சது ஜிம் அபாரோ. ஹேனிக்குக் கன்டினியூட்டி, அதாவது ஒரு கதை இன்னொரு கதையோட முரண்படாம பார்த்துக்கறது, ஒரு பொருட்டே இல்ல. ரெண்டாம் உலகப் போர் சார்ஜன்ட் ராக் திடீர்னு 1970-கள்ல பேட்மேன் பக்கத்துல வந்து நிப்பான், எப்படி வந்தான்னு கேட்கக்கூடாது. அந்தக் கதைகளுக்குன்னே எர்த்-பின்னு தனி உலகம் இருக்குன்னு பேர் வச்சாங்க. 124-வது இஷ்யூல தீவிரவாதிங்க அபாரோவையே மிரட்டறாங்க, பேட்மேன் சாகற மாதிரி வரைன்னு! ஆர்ட்டிஸ்டே கதைக்குள்ள வந்துட்டார். 1976-ல இதைத் துணிஞ்சு போட்டிருக்காங்க.

வெய்ட் இதுக்கு நேர் எதிர். அவர் ஹேனியை விட நூறு மடங்கு கவனமான ஆள், எந்த ஹீரோ எந்த வருஷம் எங்க இருந்தான்னு தலைக்குள்ளயே வச்சிருக்கறவர். அதனாலதான் 2007 சீரிஸ் அழகா இருக்கு, அதனாலயேதான் எனக்கு ஒரு குறையும் இருக்கு. டீம்-அப் புத்தகம்னா கடையில ஏதோ ஒரு இஷ்யூவைக் கையில எடுத்தா அதுலயே கதை ஆரம்பிச்சு அதுலயே முடியணும். இதுல 9-வது இஷ்யூவை மட்டும் எடுத்தவனுக்கு என்ன புரியும்? மெட்டல் மென், ராபி ரீட், பிளாக்ஹாக்ஸ், ஹாக்மேன், ஆட்டம் (Atom) எல்லாரும் ஒரே இஷ்யூல. ஒவ்வொரு ஜோடிக்கும் ஏழெட்டுப் பக்கம். அந்த ஜோடி ஏன் சேர்ந்தாங்கங்கறது நமக்குப் பதியறதுக்குள்ள முடிஞ்சிருது. கோட்டுப்பிரியனுக்குப் பிடிச்ச சூப்பர்கேர்ள்-லோபோ ஜோடி ஏன் வேலை செய்யுதுன்னா அவங்களுக்கு ஒரு முழு இஷ்யூ கிடைச்சதால. ஒருத்தருக்கு இன்னொருத்தர் மேல உரசறதுக்கு இடம் வேணும், நேரம் வேணும்.

அதனால என் கணக்குல இந்த சீரிஸோட ஒழுங்கான டீம்-அப் பகுதி 13-லதான் ஆரம்பிக்குது. பேட்மேனும் அந்தக் காலத்து ஃப்ளாஷ், கிழட்டு ஜே கேரிக்கும். அதைப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க.

இரவுவாசகன்

ஒன்பதாவது இஷ்யூ நெரிசல்தான், அதை ஒத்துக்கறேன். ஆனா 7-12ஐ மொத்தமா உட்கார்ந்து படிச்சா அந்த நெரிசலே ஒரு வேகமா மாறிடுது அண்ணா. மாசம் ஒண்ணா வாங்கினவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம்.

நிலாமுகில்

33-வது இஷ்யூ பத்திக் கேட்டீங்கல்ல, நான் சொல்றேன். பெரிய ஸ்பாய்லர் இருக்கு.

27-லேர்ந்து எழுதினது ஜே. மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கி. 33-ல கிளிஃப் சியாங் படம், பேரு 'லேடீஸ் நைட்'. மந்திரக்காரி ஜடானாவுக்கு ஒரு கெட்ட கனவு வருது, அவ வொண்டர் வுமனைக் கூப்பிடறா, ரெண்டு பேரும் சேர்ந்து பேட்கேர்ள் பார்பரா கார்டனை வம்படியா இழுத்துட்டுப் போய் ராத்திரி முழுக்க டான்ஸ் ஆட வைக்கிறாங்க. ட்ரெஸ், ஆட்டம், சிரிப்புன்னு ஜாலியாவே போகும். கடைசியிலதான் தெரியுது, ஜடானா பார்த்தது 'கில்லிங் ஜோக்' புத்தகத்துல ஜோக்கர் வந்து கதவைத் தட்டி பார்பராவைச் சுடற அந்த ராத்திரியை. பார்பராவோட கால் போகப் போகுதுன்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியும், விதியை மாத்த முடியாது, அதனால கடைசியா ஒரு ராத்திரி ஆடட்டும்னு கூட்டிட்டுப் போயிருக்காங்க.

படம் என்னவோ அவ்ளோ அழகு, சியாங் வரைஞ்ச அந்த டான்ஸ் பக்கங்களை நான் இன்னும் எடுத்துப் பார்ப்பேன். ஆனா கதை மேல எனக்கு இருக்கற கோபம் குறையவே இல்ல. ஒருத்தி தெய்வங்க பெத்த வீராங்கனை, இன்னொருத்தி பேசினாலே மந்திரம் நடக்கும், இவங்க ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணி கதவைத் திறக்காதன்னு கூடச் சொல்லல. அட்லீஸ்ட் அவகிட்ட உண்மையைச் சொல்லி நீ என்ன பண்ணணும்னு நீயே முடிவு பண்ணுன்னு விட்டிருக்கலாம். அவளோட வாழ்க்கை, அவளுக்கு மட்டும் தெரியாம மத்த எல்லாருக்கும் தெரியுது. ஏற்கனவே 1988-ல அவளைச் சுட்டதே அவ கதைக்காக இல்ல, அவ அப்பாவையும் பேட்மேனையும் வேதனைப்படுத்தறதுக்காக. அதுக்கப்புறம் ஜான் ஆஸ்ட்ரான்டரும் கிம் யேலும் சேர்ந்து அவளை ஆரக்கிளா மாத்தினாங்க, 1989-ல சூசைட் ஸ்குவாட் புத்தகத்துல. வீல்சேர்ல உட்கார்ந்துட்டே மொத்த டிசி உலகத்தோட ஹீரோக்களுக்கும் தகவல் கொடுக்கற மூளை அவ. இருபது வருஷம் அவ அப்படித்தான் இருந்தா, பேட்கேர்ளா இருந்ததை விட பெரிய ஆளா இருந்தா. அந்த இருபது வருஷமும் ஒரு இழப்பு, கால் போறதுக்கு முந்தின ராத்திரிதான் அவளோட கடைசி சந்தோஷம்னு இந்தக் கதை சொல்லுது. வீல்சேர்ல இருக்கற வாசகர்கள் எத்தனை பேர் ஆரக்கிளைத் தன் ஆளா நினைச்சிருப்பாங்க, அவங்க இதைப் படிச்சா என்ன தோணும்? அடுத்த வருஷமே, 2011-ல, டிசி எல்லாக் கதையையும் புதுசா ஆரம்பிச்ச நியூ 52 வந்து அவளைத் திரும்ப நடக்க வச்சு பேட்கேர்ளாவே ஆக்கினாங்க. அதனால இந்த இஷ்யூவை இப்பப் படிக்கறப்ப இன்னும் வலிக்குது.

அழுதுட்டேன்னு சொல்றவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், எனக்கும் கண் கலங்குச்சு. கலங்க வச்ச விதம்தான் நியாயமில்ல.

மழைக்காலப்பறவை

நிலாமுகில் சொன்னதுல ஆரக்கிள் பத்தின பகுதிக்கு என்கிட்ட பதில் இல்ல, சரியாத்தான் சொல்றீங்க. ஆனா அந்த ஒண்ணுக்காக ஸ்ட்ராஸின்ஸ்கியோட மொத்த ஓட்டத்தையும் ஒதுக்கிடாதீங்கன்னு கேட்டுக்கறேன், ஏன்னா பழைய அட்டைப்படம் கேட்ட 'ஒரு இஷ்யூ ஒரு கதை' அவர்கிட்டதான் அதிகமா இருக்கு. பெரும்பாலும் ஹெசூஸ் சாயிஸ் படம்.

28-வது எடுத்துக்கோங்க. இன்னொரு ஃப்ளாஷ் பேரி ஆலன் ரெண்டாம் உலகப் போருக்குள்ள போய் விழறான், கால் ஒடிஞ்சிருது. ஃப்ளாஷால ஓட முடியாது! பிளாக்ஹாக்ஸ்ங்கற விமானப் படை கூட மாட்டிக்கிறான், சுத்தி போர், இவன் யாரையும் கொல்ல மாட்டேங்கற ஆள். துப்பாக்கியை எடுக்கறதா வேண்டாமா? ஜோடி சேர்த்த உடனே கேள்வி வந்து நிக்குது, கேள்விக்காகத்தான் அந்த ஜோடியே. 31-ல ஜோக்கர் உயிரைக் காப்பாத்த, தன்னைச் சின்னதாக்கிக்கற ஹீரோ ஆட்டம் (Atom) அவன் மூளைக்குள்ள போறான், காப்பாத்தணுமாங்கறதே அவனுக்குச் சந்தேகம். 29-ல பிரதர் பவர், 1968-ல ஜோ சைமன் உருவாக்கி ரெண்டே இஷ்யூல நின்னுபோன, உயிர் வந்த கடைப் பொம்மை கேரக்டர், அதைத் தேடி எடுத்து பேட்மேனோட சேர்த்திருக்கார். அதிகம் யாரும் சீண்டாத ஒரு பொம்மையை இந்த அளவுக்கு மரியாதையா நடத்தினதுக்காகவே எனக்கு அவர் மேல அன்பு. 32-ல அக்வாமேனும் எட்ரிகன்ங்கற பேயும், அது முழு ஹாரர், ராத்திரி படிக்காதீங்க.

குறைன்னா, அவர் எழுதறப்ப எல்லாரும் தத்துவம் பேசறாங்க. வெய்ட் எழுதின ஹால் ஜோர்டன் சீட்டாட்டத்துல பேட்மேனைக் கலாய்க்கற மாதிரி ஒரு இடம் கூட ஸ்ட்ராஸின்ஸ்கிகிட்ட வராது.

நடுவுல 17-லேர்ந்து 26 வரைக்கும் ஆள் மாறி ஆள். 17-18 மார்வ் வுல்ஃப்மேன், சூப்பர்கேர்ளும் ரேவனும், ரேவன் அவரும் பெரெஸும் 1980-ல உருவாக்கின பொண்ணுதானே, அதனால அந்த ரெண்டும் பரவால்ல. 24-26 மைல்ஸ்டோன்னு வேற ஒரு காமிக்ஸ் கம்பெனியோட ஆளுங்களுக்கானது, ஸ்டாட்டிக்கும் பிளாக் லைட்னிங்கும் சேர்ற 24-ஐ மட்டும் விட்டுடாதீங்க. மத்ததைத் தாண்டலாம்.

கோட்டுப்பிரியன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பதில் வரும்னு எதிர்பார்க்கல. 7-லேர்ந்து 16 வரைக்கும் வரிசையாப் போறேன், அப்புறம் 24, அப்புறம் நேரா 27. நிலாமுகில், நான் 33-ஐப் படிக்கறதுக்கு முன்னாடி ஆரக்கிள் வர்ற பழைய சூசைட் ஸ்குவாட் படிச்சிட்டுப் போலாம்னு தோணுது, அது சரியா இருக்குமா? எந்த இஷ்யூலேர்ந்து?

நிலாமுகில்

23. அதுல முகம் தெரியாத ஒரு குரலா மட்டும்தான் வருவா, யாருன்னு கொஞ்சம் பின்னாடிதான் தெரியவரும், அதனால 23-லேர்ந்து விடாம ஒரு பதினஞ்சு இஷ்யூவாவது படிங்க. அப்புறம் 33-ஐ எடுங்க, வந்து என்ன தோணுச்சுன்னு இங்கயே எழுதுங்க, நான் பார்த்துட்டே இருப்பேன்.

பழைய அட்டைப்படம்

அப்படியே ஒரிஜினல்லேர்ந்து 124-ம் 200-ம் சேர்த்துக்கோங்க. 200-ல மைக் பார் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் படம், ரெண்டு வேற வேற பூமியோட பேட்மேன்கள் ஒரே கதையில இருந்தும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்க. டீம்-அப் புத்தகத்தோட கடைசி இஷ்யூல போய் இப்படி ஒரு கதை!