நியூ கினித் தீவை ஆசியாவில் சேர்க்காதீர்கள்

கடலோடி:
"பண்பாட்டுப் பன்மையில் ஆசியாவை மிஞ்ச எந்தக் கண்டமும் இல்லை" என்று ஊர்சுற்றி நேற்று எழுதியிருக்கிறார். அதற்குச் சான்றாகப் போட்டிருப்பது பாலியம் பள்ளத்தாக்கின் டானி மக்கள் படம். டானி மக்கள் வாழ்வது நியூ கினித் தீவில். அது ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் சேர்ந்த ஓசியானியா. அடுத்த வீட்டு நகையைப் போட்டுக்கொண்டு பெருமை பேசக்கூடாது.

ஊர்சுற்றி:
பாலியம் இந்தோனேசியாவில் இருக்கிறது. இந்தோனேசியா ஆசிய நாடு. இதைப் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்.

கடலோடி:
நாட்டை வைத்துத்தான் கண்டம் என்றால் பிரெஞ்சு கயானாவும் ஐரோப்பாவா? அங்கேயும் யூரோதான் செல்லும். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது நியூ கினியும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலம். இன்றும் நியூ கினிக் காடுகளில் மரக்கங்காரு இருக்கிறது. ஆசியாவில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பனைமரம்:
கங்காருவை வைத்தா பண்பாட்டை அளக்கிறீர்கள்? நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேல் மொழிகள். ஆப்பிரிக்கா பற்றி இங்கே யாருமே வாய் திறக்கவில்லை.

கடலோடி:
ஆப்பிரிக்காவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு நியூ கினி. தீவின் கிழக்குப் பாதியான பப்புவா நியூ கினியில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர், 800க்கு மேல் மொழிகள். அதை ஓசியானியா என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மேற்குப் பாதி மட்டும் எப்படி ஆசியாவானது? நடுவில் கடலா இருக்கிறது? 141 பாகை தீர்க்கரேகையை ஒட்டி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் போட்ட கோடுதான். அந்தக் கோட்டையா கண்டத்தின் எல்லை என்கிறீர்கள்?

மலைக்குருவி:
மலையேறுபவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஏழு கண்டங்களின் உச்சிகளில் ஏற வேண்டும் என்றால் சிலர் ஆஸ்திரேலியாவின் கொஸியஸ்கோவை எடுத்துக்கொள்வார்கள், 2,228 மீட்டர். சிலர் மேற்கு நியூ கினியின் புன்சாக் ஜெயா, 4,884 மீட்டர். வம்பே வேண்டாம் என்று இரண்டிலும் ஏறுபவர்களும் உண்டு.

கடலோடி:
பார்த்தீர்களா! புன்சாக் ஜெயாவை ஓசியானியா கணக்கில்தான் ஏறுகிறார்கள்.

மலைக்குருவி:
நான் சொன்னது அதுவல்ல.

ஊர்சுற்றி:
இந்தோனேசியா ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பில்தான் ஆடுகிறது. அதற்கு என்ன பதில்?

கடலோடி:
ஆஸ்திரேலியாவும் 2006 முதல் அங்கேதான் ஆடுகிறது. அப்போ சிட்னியும் ஆசியாவா? இன்னொன்று. 1969இல் மேற்கு நியூ கினி இந்தோனேசியாவோடு இருப்பதா என்று முடிவு செய்ய ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பொறுக்கியெடுத்துத்தான் கேட்டார்கள். மற்ற மக்களை யாரும் கேட்கவில்லை. இன்று நீங்களும் கேட்காமலே அவர்களை ஆசியர் ஆக்குகிறீர்கள்.

ஊர்சுற்றி:
பதில் இல்லை என்றதும் அரசியலுக்குத் தாவுகிறார். போன மாதம் துருக்கி இழையில் "நாட்டைப் பாருங்கள், நிலத்தைப் பார்க்காதீர்கள்" என்று என்னிடம் பாய்ந்தது யார்?

கடலோடி:
துருக்கி வேறு. பாஸ்பரஸ் நீரிணை இஸ்தான்புல் நகருக்குள்ளேயே ஓடுகிறது. ஒரே ஊரை இரண்டு கண்டமாக வெட்டாதீர்கள் என்றேன்.

ஊர்சுற்றி:
ஊரை வெட்டக்கூடாது, நாட்டை மட்டும் வெட்டலாமா?

பனைமரம்:
நைஜீரியா பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கடலோடி:
பனைமரம், கொஞ்சம் பொறுங்கள். ஊர்சுற்றி, துருக்கி இழையில் நான் எழுதியதை முழுதாக எடுத்துப் போடுங்கள். பாதியை மட்டும் வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.