தங்கச்சி மார்பக சர்ஜரி செய்துகொள்ளப் போகிறாள்: தடுக்கணுமா, கூட நிற்கணுமா?

சாரல்:
எனக்கு 33 வயது, தங்கைக்கு 26. மார்பகத்தைப் பெரிதாக்கும் சர்ஜரிக்காக டாக்டரைப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். எனக்குச் சொன்னது அதற்கு அப்புறம்தான். "உனக்கென்னடி குறை, இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டேன். "குறை இல்லாதவங்களுக்கு அப்படித்தான் கேட்கத் தோணும்" என்றாள். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று ராத்திரி பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பதிமூன்று வயதுக்கு அப்புறம் எடுத்த எந்தப் படத்திலும் அவள் கை இயல்பாகத் தொங்கவில்லை. ஒன்று குறுக்கே கட்டியிருக்கிறாள், இல்லையென்றால் புத்தகத்தையோ பையையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். கூடவே வளர்ந்த நான் ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. பள்ளியில் அவளைப் 'பலகை' என்று கூப்பிட்டார்கள் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

கத்தியை நினைத்துப் பயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், இவ்வளவும் செய்த பிறகும் அந்தக் கை கீழே இறங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல்:
தடுங்கள் சாரல். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

எது அழகான அளவு என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1920களில் மேற்கு நாடுகளில் தட்டையான மார்புதான் நாகரிகம். பெருத்த மார்பு உள்ளவர்கள் துணியால் இறுக்கிக் கட்டி அடக்கிக்கொண்டார்கள். 1950களில் அதே நாடுகளில் கூம்பு வடிவ பிராவுக்குள் பஞ்சு வைத்தார்கள். முப்பது வருடத்தில் பெண்களின் உடம்பு மாறிவிடவில்லை, பார்க்கிற கண் மாறியது.

இந்த சர்ஜரி எப்படி ஆரம்பித்தது என்று தெரியுமா? 1962ல் ஹூஸ்டன் நகரத்தில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்குத்தான் முதன்முதலாக சிலிகோன் இம்ப்ளான்ட், அதாவது மார்புக்குள் வைக்கும் சிலிகோன் பை, வைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க. அவருக்கு மனக்குறை இருந்ததோ காதைப் பற்றி. மார்பைப் பெரிதாக்கலாம் என்ற யோசனை டாக்டர்களிடமிருந்து வந்தது. இருபது வருடம் கழித்து, 1982ல், அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குக் கொடுத்த மனுவில், சிறிய மார்பகத்தை ஒரு நோய் என்றே வாதாடியது. நன்றாக இருக்கிற உறுப்புக்கு நோய் என்று பெயர் வைத்துவிட்டு அதற்கு வைத்தியமும் சொல்கிறார்கள். உங்கள் தங்கையைப் 'பலகை' என்றவர்கள் சின்னப் பிள்ளைகள். அந்தச் சொல்லுக்கு மருத்துவ முத்திரை குத்தியவர்கள் பெரியவர்கள்.

மின்மினி:
நான் ஒன்பது வருஷம் முன்னாடி பண்ணிக்கிட்டேன். அதனால நானும் பேசறேன்.

முதல் ரெண்டு வாரம் கையைத் தலைக்கு மேல தூக்க முடியாது. என் தோழிதான் தலை வாரி விட்டா. இடது பக்கக் காம்புல எட்டு மாசம் உணர்ச்சியே இல்லை, தொட்டா வேற யாரையோ தொடற மாதிரி இருக்கும். அப்புறம் மெதுவா வந்தது. சிலருக்கு வராமலே போயிடும்னும் டாக்டர் சொல்லியிருந்தாங்க. இதெல்லாம் தெரிஞ்சுதான் படுத்தேன்.

எனக்கு அப்ப 29 வயசு. வேலையில இருந்தேன், காதல் கல்யாணம் எதுவும் இல்லை. யாரும் பண்ணிக்கோன்னு சொல்லலை, பண்ணாதேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. 'உன்னை நீயே நேசிக்கக் கத்துக்கோ'ன்னு சொல்லாத ஆள் இல்லை. பதினஞ்சு வருஷம் முயற்சி பண்ணிப் பார்த்தேன். சில பேருக்கு அது வருது, எனக்கு வரலை. தயவுசெஞ்சு அதையும் என் குறையா சொல்லாதீங்க.

சாரல், உங்க தங்கச்சி உங்ககிட்ட அனுமதி கேட்டு வந்த மாதிரி எனக்குத் தெரியலை. அக்கா கூட வருவாளான்னு பார்த்திருக்கா.

தூண்டில்:
பல் வரிசையா இல்லைன்னா கம்பி போடறோம். முடி கொட்டினா நட்டுக்கறோம். ஆம்பளை முடி நட்டா யாரும் சமூக அழுத்தம்னு பேசறதில்லை. பெண் மார்பைத் தொட்டதும் எல்லாருக்கும் தத்துவம் வந்துடுது. அவங்க உடம்பு, அவங்க காசு, அவங்க முடிவு.

கூழாங்கல்:
தூண்டில், பல் கம்பியைக் கழற்றினால் கதை முடிந்தது. இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. உள்ளே வைத்த நாளிலிருந்து அதைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும். இதில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வெண்பனி:
பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். எந்தப் பக்கமும் சாயாமல் சொல்கிறேன்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் பொருள் அல்ல. 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே போடச் சொல்லிவிட்டது. வருடம் ஏற ஏறச் சிக்கலுக்கான வாய்ப்பும் ஏறும் என்று அதில் இருக்கிறது. சிலிகோன் பை உள்ளே கிழிந்தால் பல நேரம் வலியே தெரியாது. அதனால்தான் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேன் என்று வைத்திருக்கிறார்கள். உடம்பு எப்போதும் அந்நியப் பொருளைச் சுற்றி ஒரு சவ்வு கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்தச் சவ்வு இறுகி, மார்பு கல் போல ஆகி, ஒரு பக்கம் மேலே ஏறிவிடும். அப்படி ஆனால் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் எக்ஸ்ரே, எடுக்கும்போது இம்ப்ளான்டை ஒதுக்கிவிட்டுக் கூடுதல் படம் எடுக்க வேண்டும். மறக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் இம்ப்ளான்டைச் சுற்றி அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்று தெரிந்து, 2019ல் ஒரு பெரிய நிறுவனம் அந்த வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. பிரான்சில் பி.ஐ.பி. என்ற நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத தொழிற்சாலை சிலிகோனை அடைத்து விற்றது 2010ல் அம்பலமானது. அதை நிறுவியவருக்கு 2013ல் சிறைத்தண்டனை விதித்தார்கள். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சிலிகோனால் மூட்டு நோய், உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் எல்லாம் வரும் என்ற பயத்தை 1999ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு விரிவாக ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் இல்லை, இம்ப்ளான்ட் இருக்கும் இடத்தில் வரும் சிக்கல்களும் மறு சர்ஜரிகளும்தான் உண்மையான கவலை என்று சொன்னது.

சாரல் கேட்டது மனசைப் பற்றி. என் அனுபவத்தில், 'இந்த ஒன்று மட்டும் உறுத்துகிறது' என்று வந்தவர்கள் பெரும்பாலும் நிம்மதியாகப் போனார்கள். 'இது சரியானால் என் வாழ்க்கையே சரியாகிவிடும்' என்று வந்தவர்கள் ஆறு மாதத்தில் மூக்கைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். தன் உடம்பில் இல்லாத ஊனத்தைக் கண்ணாடியில் காணும் மனநோய் ஒன்று உண்டு, அதற்குக் கத்தி உதவுவதில்லை. ஸ்வீடன் போன்ற நாடுகளில், அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்த பெண்களிடையே தற்கொலை மற்றப் பெண்களைவிடக் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இம்ப்ளான்ட்தான் காரணம் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. வரும்போதே சிலர் பெரிய பாரத்தோடு வருகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. உங்கள் தங்கையைப் பார்த்த டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார்? எதற்காக என்று கேட்டாரா, எந்த அளவு என்று மட்டும் கேட்டாரா?

தேன்சிட்டு:
நான் குறைத்துக்கொண்டவள். இங்கே அதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

பதினாறு வயதிலிருந்து முதுகுவலி, கழுத்துவலி. வெயில் நாளில் மார்புக்கு அடியில் தோல் வெந்து சிவந்து புண்ணாகும். தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது, கட்டைவிரலை வைத்தால் அப்படியே அடங்கும். ஓட முடியாது, குப்புறப் படுக்க முடியாது. குறைக்கப் போகிறேன் என்று சொன்னபோது என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'கடவுள் கொடுத்ததைப் போய் யாராவது வெட்டுவாங்களா', 'அவளவளுங்க இல்லாம ஏங்கறாளுங்க', 'வரப்போறவன் என்ன சொல்வான்'. சொன்னவர்களில் பாதிப் பேர் பெண்கள். வலிக்கிறது என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை.

சர்ஜரி முடிந்து கட்டுப் பிரித்த அன்று நேராக நின்றேன். அவ்வளவுதான், நேராக நின்றேன். அழுதுவிட்டேன்.

கூழாங்கல் அக்கா, என் தழும்பு நங்கூரம் மாதிரி, காம்பைச் சுற்றி, கீழே இறங்கி, மடிப்போடு ஓடுகிறது. தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுத்தான் செய்தேன். என்னையும் தடுத்திருப்பீர்களா?

கூழாங்கல்:
மாட்டேன் தேன்சிட்டு. உங்களுக்கு வலி இருந்தது.

மின்மினி:
எனக்கும் வலி இருந்தது அக்கா. எக்ஸ்ரேயில தெரியாத வலி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூழாங்கல்:
இதை இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன் மின்மினி. உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். தேன்சிட்டுவின் முதுகுவலி ஆளே இல்லாத தீவில் இருந்தாலும் வந்திருக்கும். உங்களுடையது வந்திருக்குமா?

ஃபிஜித் தீவுகளில் நதுரோகா என்ற பகுதிக்கு 1995ல்தான் டிவி போனது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதே அங்கே பள்ளி மாணவிகளிடம் கேட்டு எழுதி வைத்தார், மூன்று வருடம் கழித்து 1998ல் மறுபடி கேட்டார். எடையைக் குறைக்கத் தானாக வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் ஒருவரும் இல்லை. 1998ல் 11.3 சதவீதம். பருத்த உடம்பை மதித்த சமூகம் அது. அங்கே பேச்சு மெலிவைப் பற்றி, இங்கே மார்பைப் பற்றி, ஆனால் நடப்பது ஒன்றுதான். வெளியிலிருந்து ஒரு படம் உள்ளே போய், 'இது என் சொந்த ஆசை' என்று பேச ஆரம்பிக்கிறது.

என் மகளுக்கு 14 வயது. போன வாரம் போனில் பில்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பில்டரை எடுத்ததும் தன் முகத்தைப் பார்த்து 'ஐயே' என்றாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணும் செய்துகொள்ளும்போது, செய்துகொள்ளாமல் இருப்பவளுக்குக் கஷ்டம் ஒரு படி கூடுகிறது. நாளைக்கு என் மகள் இயல்பாக இருப்பதே ஒரு விளக்கம் சொல்ல வேண்டிய காரியமாகிவிடும்.

மின்மினி:
நான் வளர்ந்தது தீவுல இல்லையே அக்கா. மனுஷங்க நடுவுல வளர்ந்தேன். என் மொழி, என் பயம், என் ஆசை எல்லாமே வெளியிலிருந்து வந்ததுதான். அதுல இது ஒண்ணை மட்டும் என்னோடது இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?

உங்க மகளுக்காக நீங்க பயப்படறது புரியுது. நார்வே 2021ல சட்டமே போட்டுச்சு, விளம்பரத்துல உடம்பைத் திருத்தின படம்னா அதைச் சொல்லியாகணும்னு. அந்த மாதிரிச் சட்டம் கேட்டு நீங்க கூப்பிடுங்க, முதல் ஆளா வர்றேன். ஆனா சமூகம் திருந்தற வரைக்கும் சாரலோட தங்கச்சி நெஞ்சுல புத்தகத்தை வெச்சுக்கிட்டே நிக்கணும்னு சொல்லாதீங்க. அந்தப் பாரம் ஒரு 26 வயசுப் பொண்ணு தூக்கறதுக்கு இல்லை.

அந்திவெயில்:
எனக்குப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். 51 வயதில். திரும்ப வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரி போகும்போதும் அதே கேள்வி, 'எப்ப வெச்சுக்கப் போறீங்க'. 'வேண்டாம்' என்றால், 'மனசு சரியில்லை போல, கவுன்சிலிங் எழுதித் தரட்டுமா' என்றார் ஒரு டாக்டர். என் மனசு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு தையல் வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். என்னோடு சிகிச்சையில் இருந்த இன்னொருத்தி வைத்துக்கொண்டாள், அவளுக்கு அது உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவளும் நானும் இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

நீங்கள் வாதாடுங்கள் பிள்ளைகளே. எனக்குப் பட்டது ஒன்று. வைத்துக்கொண்டவளிடமும் காரணம் கேட்கிறார்கள், குறைத்தவளிடமும் கேட்கிறார்கள், வைக்காதவளிடமும் கேட்கிறார்கள்.

சாரல்:
எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு என் அறைக்கு வந்தாள். டாக்டர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்டேன். பதினைந்து நிமிடமாம். அதில் பத்து நிமிடம் கம்ப்யூட்டரில் 'பிறகு எப்படி இருக்கும்' என்ற படம் காட்டினாராம். ஸ்கேன், சவ்வு, மறு சர்ஜரி எதையும் சொல்லவில்லை. முன்பணம் மட்டும் கேட்டிருக்கிறார். அந்த ஆளிடம் போகமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

செய்துகொள்ளும் எண்ணத்தை அவள் விடவில்லை கூழாங்கல் அக்கா. வேறு டாக்டரைத் தேடுகிறோம், இந்தத் தடவை நானும் போகிறேன். வெண்பனி எழுதியதை அவள் கையால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறாள். நான் கெஞ்சியதால் இல்லை, மூக்கைப் பற்றி விசாரிக்க வந்தவர்களைப் படித்ததால். 'நான் எந்த ரகம்னு எனக்கே தெரியணும்' என்றாள்.

மின்மினி, உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறதாம். உள்ளே இருப்பது தெரியுமா, இல்லை மறந்துவிடுமா?

மின்மினி:
பெரும்பாலும் மறந்துடும்னு சொல்லுங்க. ஆனா குளிர்ந்த தண்ணியில ரொம்ப நேரம் இருந்துட்டு வெளிய வந்தா, உடம்பெல்லாம் சூடான பிறகும் அது மட்டும் உள்ளே சில்லுனு இருக்கும். கொஞ்ச நேரம் உள்ளங்கையை வெச்சுக்கிட்டு உட்காருவேன். அதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லலை, அதனால சொல்றேன்.

கூழாங்கல்:
சாரல், அந்த ஆலோசகரிடம் அவள் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே உட்காருங்கள்.