அணி இலக்கணம்: குறளைப் பார்த்ததும் எந்த அணி என்று கண்டுபிடிப்பது எப்படி?

பாளை மாணவி:
பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிறேன். அணிகளின் இலக்கணம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் பெயர் போடாமல் பாட்டை மட்டும் கொடுத்தால் தடுமாறுகிறேன். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' குறளில் 'அனை' வருவதால் உவமையணி என்று எழுதினேன், தப்பாம். 'போல்' வந்தும் உவமையணி இல்லை என்று சில பாட்டுக்குச் சொல்கிறார்கள். தற்குறிப்பேற்றமும் உயர்வு நவிற்சியும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எந்த வரிசையில் பார்த்தால் பிடிபடும்? தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
தங்கச்சி, அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள் 35. அத்தனையும் உங்களுக்கு வேண்டாம், பாடத்தில் வருகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் உவமைக் குடும்பத்தைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பாட்டைப் படித்ததும் உவமை (ஒப்பிடக் காட்டும் பொருள்) எது, உவமேயம் (ஒப்பிடப்படும் பொருள்) எது என்று கேளுங்கள். இரண்டும் இருந்து நடுவில் 'போல' மாதிரி உவம உருபும் வெளிப்படையாக நின்றால் உவமையணி: 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல'. இரண்டும் தனித்தனி வாக்கியமாக நின்று, உருபை நாம் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தால் எடுத்துக்காட்டு உவமை. உவமையை மட்டும் சொல்லி, சொல்லவந்த கருத்தை மறைத்துவிட்டால் பிறிது மொழிதல்.

உங்கள் குறள் நடுவகை. 'தொட்டனைத்து' என்பதில் உருபே கிடையாது. தோண்டிய அளவு என்று பொருள். கோடையில் தாமிரபரணி மணலில் ஊற்றுத் தோண்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒரு முழம் பறித்தால் கொஞ்சம் ஊறும், இன்னும் ஆழம் போனால் இன்னும் ஊறும். மணற்கேணி ஒரு வாக்கியம், கற்கக் கற்க ஊறும் அறிவு இன்னொரு வாக்கியம். இடையில் 'அதுபோல' என்பதை நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

நன்னூல் தரும் உவம உருபுகள் 12: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. இதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். 'போல' மட்டும் தெரிந்தவர்கள் 'கடுப்ப' வந்தால் கோட்டை விடுகிறார்கள்.

உருவகம் சுலபம். மலர்முகம் (மலர் போன்ற முகம்) உவமை, முகமலர் (முகமாகிய மலர்) உருவகம். ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த இன்னொன்றை உருவகம் செய்யாமல் விட்டால் ஏகதேச உருவகம். 'கருமமே கட்டளைக் கல்' என்று செயலை உரைகல்லாக்கிய வள்ளுவர், பெருமையையும் சிறுமையையும் பொன்னாக்கவில்லை.

குற்றாலச்சாரல்:
தற்குறிப்பேற்றத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் ஏற்றிச் சொல்கிறாரா? மதுரைக் கோட்டைக் கொடி காற்றில்தான் அசைகிறது. இளங்கோவடிகள் அது கோவலனையும் கண்ணகியையும் 'வாரல்' என்று கைகாட்டித் தடுப்பதாகச் சொல்கிறார். 'வாரல் என்பனபோல்' என்று வருகிறதே, நீங்கள் கேட்ட 'போல்' இதுதான். இங்கே இரண்டு பொருள்களை ஒப்பிடும் வேலையை அது செய்யவில்லை, ஏற்றிச் சொன்ன கருத்தைக் காட்டுகிறது. உருபைக் கண்டதும் பேனாவை எடுத்துவிடக் கூடாது.

உயர்வு நவிற்சியில் காரணமே இருக்காது, அளவுதான் மீறும். குற்றாலக் குறவஞ்சியில் தேனருவியின் அலை வானம் வரை எழும்பி ஒழுக, 'செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்' என்கிறார் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர். சூரியனின் குதிரைக் குளம்பு வழுக்குகிற உயரத்துக்கு எந்த அருவித் தண்ணீரும் போகாது. அதே அடியில் இன்னொரு அழகும் இருக்கிறது: பரிக்கால் என்றால் குதிரையின் கால், தேர்க்கால் என்றால் சக்கரம். ஒரே 'கால்', பொருள் இரண்டு.

விடைத்தாள்:
கண்டுபிடித்த பிறகு எழுதுவதிலும் மதிப்பெண் போகிறது. அணியின் பெயர், அதன் இலக்கணம், பாட்டின் பொருள், கடைசியில் பொருத்தம் என்று நாலும் வேண்டும். பலர் பொருளோடு நிறுத்திவிடுகிறார்கள். பொருத்தம் இப்படி இருக்க வேண்டும்:

'மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற உவமை மட்டும் இக்குறளில் கூறப்பட்டுள்ளது. எளியவரே ஆனாலும் பலர் சேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்ற கருத்து கூறப்படாமல் பெறப்படுகிறது. எனவே இது பிறிது மொழிதல் அணி.'

'எனவே' என்ற சொல்லுக்கு முன்னால் காரணம் நிற்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கு, தினம் 5 குறளை அணிப்பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதி, எந்தச் சொல்லைக் கொண்டு முடிவு செய்தீர்கள் என்று அதன் அடியில் கோடு போடுங்கள்.

எதுகை மோனையையும் விட்டுவிடாதீர்கள். முதலெழுத்து அளவொத்து, இரண்டாம் எழுத்து ஒன்றினால்தான் எதுகை. பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகை ஆகாது.

பாளை மாணவி:
ரொம்ப நன்றி. ஒன்று முயற்சி செய்தேன். 'ஓங்கலிடை வந்து உயர்ந்தோர் தொழவிளங்கி' தமிழுக்கும் சூரியனுக்கும் பொருந்துகிறதே, ஒரே தொடர் இரு பொருள் தரும் சிலேடைதானே?

பொருநைக்கரை:
முதல் பாதியோடு பாட்டு முடிந்திருந்தால் உங்கள் விடைக்கு இடமுண்டு. ஓங்கல் என்றால் மலை. சூரியன் வருவது உதய மலையில், தமிழ் வருவது நம் பொதிகையில். உயர்ந்தோர் தொழுவதும் இருள் அகற்றுவதும் இரண்டுக்கும் பொது. ஆனால் 'ஆங்கவற்றுள்' என்ற சொல்லில் பாட்டு திரும்புகிறது பாருங்கள். அவற்றுள் ஒன்று வெங்கதிர், 'ஏனையது தன்னேர் இலாத தமிழ்'. ஒப்புமையை முதலில் சொல்லிப் பிறகு வேறுபடுத்துவதால் இது பொருள் வேற்றுமை அணி. சிலேடையில் இப்படிப் பிரிக்கும் சொல் வராது. அந்த 'ஆங்கவற்றுள்' அடியில் கோடு போடுங்கள்.