பழுதுற்ற பிரிவா, ஐயத்துண்டா?

அன்பின் நண்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) மீட்புச் சொற்பட்டியலில், வாசிக்க முடியாத சேமிப்பிடத்தைக் குறிக்கும் ‘பேட் செக்டர்’ என்பதற்குப் ‘பழுதுற்ற பிரிவு’ என்றும், ‘பெண்டிங் செக்டர்’ என்பதற்கு ‘நிலுவைப் பிரிவு’ என்றும் கோவை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். இரண்டும் இலக்கண வழுவற்ற சொற்கள்தாம். ஆனாலும் முதலாவதை நான் எதிர்க்கிறேன். அதற்குக் காரணம் மொழியியல் அன்று. கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மூலையில் இருக்கும் ஒரு பழைய கணினி.

அந்தக் கணினியைத்தான் நாங்கள் வீட்டுச் சேவையகம் என்று அழைக்கிறோம். அதிலிருந்த 4 டெராபைட் வன்தட்டில் குடும்பப் படங்களும், அப்பாவின் காணி உறுதிகளை வருடி எடுத்த பிரதிகளும், ஒலிநாடாவிலிருந்து மாற்றிய அம்மம்மாவின் குரலும் இருந்தன. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட 2022இன் அந்த நாட்களைக்கூடத் தாக்குப்பிடித்த தட்டு, சென்ற ஆண்டு ஒரு சாதாரண நாளில் கோப்புகளைத் திறக்கத் தயங்கத் தொடங்கியது. தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையை நான் அலுவலகத்தில் இருந்தபடி பார்த்தேன். ‘பெண்டிங் செக்டர்’களை எண்ணும் 197ஆம் பண்பின் எண்ணிக்கை 24 என்று காட்டியது. வீட்டிலிருந்த மருமகனிடம் தொலைபேசியில், “தட்டிலே பழுதான பிரிவுகள் இருக்கின்றன, நான் வரும்வரை பார்த்துக்கொள்” என்று சொன்னேன். அவன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கட்டளையை ஓடவிட்டு, கேட்கும் கேள்விக்கெல்லாம் ‘ஆம்’ என்று விடையளித்திருந்தான். நான் கோபித்தபோது அவன் சொன்னது: “மாமா, பழுதெண்டால் பழுதுபார்க்கத்தானே வேணும்?”

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழில் ‘பழுது’ என்ற சொல் காதில் விழுந்தவுடனேயே ‘பழுதுபார்த்தல்’ அதன் பின்னால் வந்து நிற்கிறது. மிதிவண்டிக்கும் மின்விசிறிக்கும் அது பொருந்தும். தரவு இன்னும் மீட்கப்படாத வன்தட்டுக்கோ அது நேர் எதிரான ஆலோசனை.

197ஆம் பண்பு உண்மையில் எதை எண்ணுகிறது என்று பார்ப்போம். ஓர் இடத்தை வாசிக்க முயன்று தோற்ற தட்டு, அந்த இடத்தை உடனே விலக்கிவிடுவதில்லை. விலக்கினால் அங்கிருந்த தரவு போய்விடும். அடுத்த முறை வாசிக்க வாய்க்கலாம். ஆகவே அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே இடத்தில் யாராவது புதிதாக எழுதும்வரை காத்திருக்கிறது. எழுதுவது சரிவந்தால் அந்த இடம் குறையற்றது என்று பட்டியலிலிருந்து நீங்கும். சரிவராவிட்டால் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி இடமொன்று அதற்கு மாற்றாக அமர்த்தப்பட்டு, 5ஆம் பண்பின் எண்ணிக்கை கூடும். எந்த முடிவானாலும் பழைய தரவு அத்தோடு தொலைந்தது. சீர்செய்யும் கட்டளையோ எழுதுகின்ற கட்டளை. மருமகன் செய்ததும் அதுதான்: சில இடங்களில் ஐயம் தீர்ந்தது, படங்கள் போயின. எஞ்சிய இடங்களில் தட்டு மேலும் நலிந்து, நான் வீடு திரும்பியபோது 24 என்பது 312 ஆகியிருந்தது.

நம் பத்திரிகைகள், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை ‘சந்தேகநபர்’ என்றே எழுதுகின்றன. ‘குற்றவாளி’ என்று எழுதுவதில்லை. வன்தட்டும் அதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறது. ‘பழுதுற்ற பிரிவு’ என்று எழுதுகிற நாம்தான் விசாரணைக்கு முன்பே தீர்ப்பை வாசித்துவிடுகிறோம். ‘நிலுவை’ இதைவிடத் தேவலை என்றாலும், தமிழ்நாட்டில் நிலுவை வழக்கு என்று கேட்டுப் பழகியவர்களுக்கு விளங்குகிற அந்தச் சொல், இங்கே மின்பட்டியலில் கட்டாமல் விட்ட தொகையைத்தான் முதலில் நினைவூட்டும். ‘ஐயம்’ இரு கரையிலும் ஒரே பொருளைத் தருகிறது என்பதால், 197ஆம் பண்புக்கு ‘ஐயத்துண்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘துண்டு’ எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் ஐயா கேட்பார். ‘செக்டர்’ என்றால் நம் கணித நூல்களில் ஏற்கெனவே ‘ஆரைச்சிறை’ இருக்கிறதே என்று அவர் எழுதியிருந்தது எனக்கு மிகவும் பிடித்த வாதம். அந்தச் சொல்லின் அழகுக்காகவே ஒரு நாள் முழுதும் அதன் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் ஆரைச்சிறை என்பது மையத்திலிருந்து விளிம்புவரை விரியும் சிறகு. வன்தட்டில் நாம் குறிப்பது சிறகை அன்று. தட்டில் வட்டமாக ஓடும் ஒரே தடத்தின் மீது கிடக்கும் சிறு வில் வடிவத் துண்டை. மேலும், இன்றைய தட்டுகளில் வெளித்தடங்கள் உள்தடங்களைவிடக் கூடுதலாகக் கூறிடப்படுவதால், தட்டு முழுதும் ஒரே சிறகுகளாகப் பிரிந்திருக்கிறது என்ற படமே பொருந்தாது. ஆகவே முழுச்சொல் ‘தடத்துண்டு’. கூட்டுச்சொற்களில் ‘துண்டு’ என்று சுருங்கும். தடமே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் (எஸ்எஸ்டி) இதே சொல்லா என்று கேட்பீர்கள். ஆங்கிலமும் அங்கே பழைய சொல்லைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

5ஆம் பண்புக்கு ‘மாற்றுத்துண்டு’ போதும். ‘பதில் நீதவான்’ போலப் ‘பதில் துண்டு’ எனலாமா என்று ஒருவர் பகிடியாகக் கேட்டிருந்தார். பதில் நீதவான், உரியவர் விடுமுறையிலிருந்து திரும்பியதும் எழுந்து போய்விடுவார். இங்கே உரியவர் திரும்புவதேயில்லை.

இனி, ஜிஎன்யூ டிடிரெஸ்கியூவின் கட்டங்கள். நலிந்த தட்டிலிருந்து தரவை மீட்கும் இந்தச் செயலி முதலில் இலகுவாக வாசிக்கக்கூடியதையெல்லாம் அள்ளிக்கொண்டு, இடறும் இடங்களைத் தாண்டிச் செல்கிறது. வழக்கமாக ஒரே மூச்சில் 128 தடத்துண்டுகளை, அதாவது 65,536 பைட்டுகளை, வாசிக்கும். அதில் ஒன்று தோற்றாலும் அந்தத் தொகுதி பிறகு பார்ப்பதற்காக ஒதுக்கப்படும். அடுத்த கட்டத்தில், ஒதுக்கிய பகுதியின் முன்விளிம்பிலிருந்து ஒவ்வொரு துண்டாக முதற்பிழை வரை முன்னோக்கியும், பின்விளிம்பிலிருந்து பின்னோக்கியும் வாசித்து, நடுவை மட்டும் மிச்சம் விடுகிறது. இதற்கு ‘ஓரஞ்சீவல்’ என்பதே தகும். மாம்பழத்தின் கன்றிய இடத்தைச் சுற்றி நல்லதைச் சீவி எடுப்பதும் இப்படித்தான். அந்த நடுப்பகுதியை ஒவ்வொரு துண்டாக வாசிக்கும் மூன்றாங்கட்டத்துக்குச் ‘சுரண்டல்’ என்று பட்டியலில் இருக்கிறது. நிரலின் திரையில் ‘சுரண்டல் நடைபெறுகிறது’ என்று தோன்றினால் தொழிற்சங்கத்துக்குத்தான் அறிவிக்க வேண்டும். ‘வழித்தெடுத்தல்’ என்று மாற்றுவோம். சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கடைசிப் பருக்கைகளை, சட்டியைத் தேய்க்கிறோம் என்று தெரிந்தே, வேறெல்லாம் எடுத்து முடித்த பின்னர்தான் வழித்தெடுக்கிறோம். இந்தக் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்ற அறிவுரை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கடைக்காரர்கள் ‘பேட் செக்டர்’ என்றுதானே சொல்கிறார்கள் என்ற ஆட்சேபத்தை நான் மறுக்கவில்லை; பம்பலப்பிட்டியில் நானும் அப்படியே சொல்கிறேன். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ என்று, மக்களுக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டே பெயரிட்டார். ‘வழித்தல்’ அந்த வகையிலான தெரிவு. ‘மீள்நுண்வாசிப்பு’ போன்றவற்றை அடுக்களையிலும் சொல்ல முடியாது, கடையிலும் சொல்ல முடியாது.

ஐயத்துண்டு என்ற பெயருக்கு என் தட்டே சான்று. இரண்டு இரவுகள் ஓடி, வாசிக்க முடிந்ததையெல்லாம் புதிய தட்டுக்குப் படிமமாக எடுத்து முடித்த பிறகு, பழையதை முழுவதும் சுழியங்களால் நிரப்பிப் பார்த்தேன். 197ஆம் பண்பு சுழியமானது. 5ஆம் பண்பு 64இல் நின்றது. 312 சந்தேகநபர்களில் பெரும்பாலோர் விடுதலை. (எண்கள் எல்லாம் எட்டின் மடங்குகளாக இருப்பது தற்செயல் அன்று: அந்தத் தட்டு உள்ளுக்குள் 4096 பைட்டுத் துண்டுகளை வைத்துக்கொண்டு, வெளியே 512 பைட்டுக் கணக்கைச் சொல்கிறது.)

‘ஐயத்துண்டு’ என்று சேர்த்து எழுதுவதா, ‘ஐயத் துண்டு’ என்று இடம்விடுவதா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தேடலுக்குச் சேர்த்தெழுதுவது வசதி. எந்த இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று டிடிரெஸ்கியூ பதிந்துவைக்கும் வரைபடக் கோப்பின் குறியீடுகளுக்கான விளக்கங்களை இதே சொற்களைக் கொண்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ‘பழுது’ என்ற சொல்லை அங்கே ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. கோவை நண்பருக்கு மறுப்பு இருந்தால், சனிக்கிழமைக்கு முன் எழுதினால் மாற்றிவிடுவேன்.