எட்டு இறுக்குகிறது, ஒன்பது கழல்கிறது. ஓட எந்த ஷூ வாங்குவது?

கடலோரன்:
எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தினமும் 5 கி.மீ. ஓடுகிறேன். செருப்பு சைஸ் 8 என்பதால் ஆன்லைனில் தள்ளுபடியில் 2,800 ரூபாய்க்கு அதே 8-இல் ரன்னிங் ஷூ வாங்கினேன். 3 கி.மீ. தாண்டினால் சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது, வலது சுண்டுவிரல் நகம் கறுத்தே விட்டது. சரி என்று அதே மாடலில் 9 வாங்கினேன், அதில் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே கிளம்பி, பின்பக்கம் தோல் உரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் செருப்புமாக இருந்த கால், முன்பக்கம் விரிந்திருக்கும். இன்னும் 5,000 வரை செலவழிக்கலாம். இன்னொரு தடவை ஏமாற முடியாது, சொல்லுங்கள்.

மெதுவோட்டம்:
உங்களுக்குக் குறைவது நீளம் இல்லை, அகலம். 8 ஷூவின் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோல் என்கிற மெத்தைத் தகட்டை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரல் பக்கம் பாதம் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு ஆகாது, எத்தனை நாள் போட்டாலும் பழகாது. நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் மாதிரி கம்பெனிகள் சில மாடல்களை அகலத்திலும் போடுகிறார்கள், ஆண்களுக்கு 2ஈ என்று பெட்டியில் இருக்கும் (சாதாரண அகலம் டி). கடைக்குச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். நின்றபடி பார்த்தால் நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

ஆம்பூர்க்காரன்:
ஷூ ஃபாக்டரியில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன் தம்பி. லாஸ்ட் என்கிற கால் அச்சின் மேல் இழுத்துத்தான் ஷூவுக்கு வடிவம் வருகிறது, அந்த அச்சு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒருத்தருடைய 8 இன்னொருத்தருடைய 8 ஆகாது, செருப்பு சைஸை நம்பவே நம்பாதீர்கள். அப்புறம், தள்ளுபடி என்றால் பெட்டியில் தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள். வருஷக்கணக்கில் சூடான கோடவுனில் கிடந்தால் பசை விட்டுப்போகும், பியூ (பாலியூரித்தேன்) என்கிற நுரை சோல் என்றால் ஈரக்காற்றிலேயே பொடிப்பொடியாக உதிரும். போடாமல் வைத்திருந்த ஜோடி முதல் நாளே வாய் பிளந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விடியல்நடை:
9-ஐத் தூக்கிப் போடும் முன் லேஸை மாற்றிப் பாருங்கள் சார். மேலே கணுக்காலை ஒட்டி ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும், யாரும் கோர்ப்பதில்லை. அதில் அந்தந்தப் பக்கமே நுழைத்துச் சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் ஆடாது. எனக்கு இதுவே போதுமாக இருந்தது. நகம் ஆறும்வரை ஓட வேண்டாம், நடங்கள்.

கடலோரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்சோல் மேல் நின்றேன், சுண்டுவிரல் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறது! லேஸ் வித்தையில் 9 கொஞ்சம் நின்றது, ஆனால் ஷூ மடங்கும் இடம் என் விரல் மடிப்புக்கு முன்னால் தள்ளிப் போகிறது, அதனால் விட்டுவிட்டேன். நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் ஆறு ஜோடி போட்டுப் பார்த்து 8.5-இல் 2ஈ எடுத்தேன், 5,400 ஆயிற்று. ஆம்பூர் அண்ணன் சொன்னபடி பெட்டியும் பார்த்தேன், நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது. கடைக்குள்ளேயே நாலு நடை ஓடிப் பார்த்தேன், விரல் எங்கும் இடிக்கவில்லை. அந்த 9 ஜோடி பத்து நாள் போட்டதுதான். அடையாறு பக்கம் யாருக்காவது பொருந்தினால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.