ருமேனிய மொழி: 'மேசைமேல்' என்று எழுதினால் தவறு என்கிறது, அவசரம்

கூதல்காற்று: வேலைக்காக புக்கரெஸ்ட் வந்து மூன்று வாரம். 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்பதை எழுதினால் பயிற்சிச் செயலி சிவப்புக் கோடு போடுகிறது. பாடப்புத்தகத்தில் அதே சொல்தான் இருக்கிறது! நாளை தேர்வு.

வேப்பமரம்: நீங்கள் எழுதிய வாக்கியம் எங்கே?

நாலாவது தெரு: பாலில்தான் பிழை இருக்கும். அங்கே மூன்று பால். நாற்காலி ஒருமையில் ஆண்போல் நடக்கும், பன்மையில் பெண்போல் நடக்கும். எல்லோரும் வழுக்கி விழும் இடம் அது.

வேப்பமரம்: மேசை பெண்பால்தான். நாற்காலியை யார் கேட்டது?

பழைய பேனா: பத்து முறை விளக்கிவிட்டேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், தம்பி. குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் ஒட்டு பெயரின் வாலில் வரும். 'ஓம்' மனிதன், 'ஓமுல்' அந்த மனிதன். முதல் பாடமே இதுதான்.

கூதல்காற்று: தெரியும் ஐயா. ஒட்டித்தான் எழுதினேன்: கார்த்தியா எஸ்தெ பெ மாசா.

வேப்பமரம்: ஒட்டியதுதான் வினை. முன்னால் 'பெ', அதாவது 'மேல்', வந்து, பெயர் தனியாக நின்றால் ஒட்டு உதிர்ந்துவிடும்: பெ மாச. கடைசி எழுத்தின் தலையில் பிறை வேண்டும். வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் 'அ' அது. புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கூதல்காற்று: 'பெ மாசா மாரெ'.

வேப்பமரம்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 'மாரெ', அதாவது 'பெரிய', சேர்ந்ததும் ஒட்டு திரும்பி வந்துவிடும்.

நாலாவது தெரு: பிறை ஒன்று, தொப்பி இரண்டு. தொப்பி போட்ட 'அ', தொப்பி போட்ட 'இ' இரண்டுக்கும் ஒரே ஒலி. எதற்கு இந்தக் கூத்து?

பழைய பேனா: 1993இல் ருமேனிய அகாதெமி செய்த வேலை. அதற்கு முன்பு ஒழுங்காக இருந்தது.

நாலாவது தெரு: எது ஒழுங்கு? 1953இல் பிடுங்கிய தொப்பி 'அ'வைத்தான் திருப்பி நட்டார்கள்.

பழைய பேனா: நாமும் 1978இல் 'லை', 'ணை' எழுத்துகளின் தும்பிக்கையை வெட்டினோம். திருப்பியா ஒட்டினோம்?

நாலாவது தெரு: என் தாத்தா கடைசிவரை தும்பிக்கையோடுதான் கடிதம் எழுதினார்.

கூதல்காற்று: பிறை போட்டேன், பச்சை விழுந்தது. என் கைப்பேசி விசைப்பலகையில் பிறையே இல்லாமல் இருந்திருக்கிறது. நன்றி. ஆனால் 'ரயிலில்' என்பதற்கு 'கு த்ரெனுல்' என்கிறார்கள். முன்னால் 'கு' இருந்தும் ஒட்டு உதிரவில்லையே?

வேப்பமரம்: வாகனத்தோடு வரும்போது 'கு' ஒட்டை விடாது. விதிக்குள் அடங்காத பிள்ளை. அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். தேர்வு எத்தனை மணிக்கு?

வேப்பமரம்: (இரண்டு நாள் கழித்து) என்ன ஆயிற்று?