கடலையில் துரு: பட்டம் தவறியதா, விதை தவறியதா?

பாலக்கோட்டான்:
போன வருஷம் ஆனிக் கடைசியில் விதைத்த ஜே.எல்.24 ரக நிலக்கடலையில் துரு என்கிற இலைப் பூஞ்சை நோய் பேருக்குத்தான் இருந்தது. அதே விதையை ஆவணி நடுவில் போட்ட பக்கத்துக் கொல்லை ஐப்பசி மழையில் துரு பிடித்துக் காய்ந்து நின்றது. விதை ஒன்று, மண் ஒன்று, நாள்தான் வேறு. துருவுக்கு மருந்து விதைக்கிற பட்டம்தான் என்கிறேன்.

ஊத்தங்கரை மானாவாரி:
கிணறு இருப்பவர் பேச்சு அண்ணா இது. எங்களுக்கு மேகம்தான் நாள் குறிக்கிறது. ஆடியில் ஒரு மழை, ஏர் ஓட்டினேன். அடுத்தது ஆவணியில்தான். விதைக்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? ஜே.எல்.24, டி.எம்.வி.2 இரண்டும் துருவுக்குக் கதவைத் திறந்து வைக்கிற ரகங்கள். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி.4 துருவையும் தாங்கும், பின்பருவ இலைப்புள்ளியையும் தாங்கும். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகாதானே, விதைக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள்.

பாலக்கோட்டான்:
சரி தம்பி, அது 100 நாளைத் தாண்டுகிற ரகம். ஜே.எல்.24 அதற்கு முன்பே பிடுங்கலாம். கடைசி மழை ஏமாற்றினால் பொக்குக் காயை வைத்து என்ன செய்வாய்?

அரூர்க்காரி:
இரண்டு பேரும் முதலில் இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? துரு என்றால் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவு கொப்புளம். விரலால் தடவினால் செங்கல் பொடி மாதிரி ஒட்டும். இலை காய்ந்தாலும் செடியிலேயே தொங்கும். டிக்கா, அதாவது இலைப்புள்ளி நோய் வந்த இலை உதிரும். இன்னொன்று, இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள கடலைச் செடி வேண்டும், காய்ந்த சருகில் ரொம்ப நாள் தாங்காது. வரப்போரம் தானாக முளைத்த கடலையில் உட்கார்ந்திருந்து, காற்றில் அடுத்த பயிருக்குப் போகும். எங்கள் வரப்பில் பத்துச் செடி கிடந்தது. அதைப் பிடுங்காமல் விட்டது என் தப்பு.

பாலக்கோட்டான்:
தொங்கியதுதான் அம்மா, துருவேதான். வரப்புச் செடியை நானும் கவனித்ததில்லை. ஆனாலும் ஆவணி பாதி தாண்டினால் கடலையை விட்டுவிட்டுக் கொள்ளு தெளிப்பதுதான் புத்தி.

ஊத்தங்கரை மானாவாரி:
கொள்ளு விற்று மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டச் சொல்கிறீர்களா அண்ணா? இந்தத் தடவை மழை எப்போது விழுந்தாலும் சரி, அரை ஏக்கர் ஜே.எல்.24, அரை ஏக்கர் ஜி.பி.பி.டி.4, ஒரே நாளில் போடுகிறேன். எழுபதாம் நாள் இரண்டிலும் இலையைத் திருப்பிப் போட்டோ போடுகிறேன்.